பகுதி மக்களையும் சுகாதாரத் துறையையும் சேர்ந்து வேலை செய்ய வைப்பது எப்படி? புதிதாக இறங்குபவர்களுக்கு

ஒரு பகுதியில் வயிற்றுப்போக்கு பரவுகிறது. சுகாதாரத் துறை துண்டறிக்கை அடித்துக் கொடுக்கிறது, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறது. எந்தக் குழாயில் எந்த நேரத்தில் கலங்கலாகத் தண்ணீர் வருகிறது என்பது அங்கே குடியிருக்கும் பெண்களுக்கு மாதக்கணக்காகத் தெரியும். அவர்களை யாரும் கேட்கவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. இந்த இரண்டு பக்கத்தையும் இணைக்கிற வேலையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் ஒரு தொண்டு அமைப்பில் புதிதாகச் சேர்ந்தவராக இருக்கலாம். சுகாதாரத் துறையிலேயே வேலை பார்த்து, "மக்களோடு சேர்ந்து ஏதாவது செய்யுங்கள்" என்று மேலதிகாரி சொன்னதும் எங்கே தொடங்குவது என்று யோசிப்பவராக இருக்கலாம். அல்லது அந்தப் பகுதியிலேயே குடியிருந்துகொண்டு, நாலு பேரைச் சேர்த்து அலுவலகத்துக்கு நடையாய் நடப்பவராக இருக்கலாம். யாராக இருந்தாலும் நீங்கள் நிற்கப்போவது நடுவில்.

தொடங்கும் முன் ஒரு கேள்வியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: மக்கள் சொன்னதைக் கேட்டுத் துறை எதையாவது மாற்றியதா? எத்தனை கூட்டம் போட்டோம், எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கெல்லாம் அறிக்கைக்கு உதவும். ஆனால் மருத்துவமனை திறக்கும் நேரமோ, தடுப்பூசி முகாம் நடக்கும் இடமோ, தண்ணீரைப் பரிசோதிக்கும் முறையோ, ஏதோ ஒன்று மக்களின் பேச்சால் மாறியிருந்தால்தான் அதைக் கூட்டுவேலை என்பேன். கீழே உள்ள படிகளில் எங்கே குழப்பம் வந்தாலும் இந்தக் கேள்விக்குத் திரும்பி வாருங்கள்.

1. முதலில் துறையைத் தெரிந்துகொள்ளுங்கள்

மக்களிடம் போவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ஏனென்றால் அவர்கள் உங்களிடம் முதலில் கேட்கப்போவது "இதை யார் சரிசெய்வார்கள்?" என்றுதான்.

உள்ளூர்ச் சுகாதாரத் துறையின் அமைப்பு நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் அது உள்ளாட்சியின் கீழ் இருக்கும், சில இடங்களில் மேலே உள்ள அரசின் கிளையாக இருக்கும். வேலைகள் ஏறக்குறைய ஒன்றுதான். நோய் எங்கே பரவுகிறது என்று கண்காணிப்பது, தடுப்பூசி, தாய்சேய் நலம், உணவகங்களை ஆய்வு செய்வது, குடிநீர் மாதிரி எடுப்பது, கொசுவைக் கட்டுப்படுத்துவது போன்றவை.

மூன்று விஷயங்களைக் கட்டாயம் விசாரியுங்கள். முதலாவது, எதற்கெல்லாம் இந்த அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு. பல ஊர்களில் சுகாதாரத் துறையால் தண்ணீரைப் பரிசோதிக்க முடியும், ஆனால் உடைந்த குழாயை மாற்றுவது வேறு துறையின் வேலை. இது தெரியாமல் மக்களைச் சுகாதார அலுவலரின் முன் உட்கார வைத்தால், அவரால் கொடுக்க முடியாததைக் கேட்டு இவர்கள் ஏமாந்து போவார்கள். இரண்டாவது, எந்த முடிவுக்கு யாருடைய கையெழுத்து வேண்டும். முகாம் நேரத்தை மாற்றச் செவிலியர் பொறுப்பாளரே போதுமா, மேலே போக வேண்டுமா? மூன்றாவது, நிதியாண்டு எப்போது தொடங்குகிறது, அடுத்த ஆண்டுக்கான திட்டத்தை எந்த மாதத்தில் எழுதுகிறார்கள். திட்டம் எழுதி முடித்த பிறகு மக்கள் கருத்தைக் கேட்பதில் பிரயோசனமில்லை. அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அவர்கள் பேசியாக வேண்டும்.

அப்புறம், களப்பணியாளர்களை விட்டுவிடாதீர்கள். வீடு வீடாகப் போகும் செவிலியர், ஆய்வாளர், தன்னார்வலர் ஆகியோருக்குப் பகுதியைப் பற்றி அலுவலகக் கோப்பில் இல்லாத அளவுக்குத் தெரியும். அவர்களையும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு நாள் அவர்களோடு நடங்கள். மக்கள் வாய் திறந்தால் புகார் முழுவதும் தங்கள் தலையில்தான் விழும் என்ற பயம் அவர்களுக்கு இருக்கும். அந்தப் பயம் நியாயமானது. இந்த முயற்சி ஆளைப் பிடித்துக் கொடுப்பதற்காக நடக்கவில்லை என்று அவர்களிடம் நேரடியாகச் சொல்லுங்கள், அதிகாரியையும் அவர்கள் முன்னால் அதையே சொல்ல வையுங்கள்.

2. பகுதியை நடந்து தெரிந்துகொள்ளுங்கள்

1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது பிராட் தெருவில் இருந்த அடிகுழாயை மருத்துவர் ஜான் ஸ்நோ சந்தேகப்பட்டார். அவர் வற்புறுத்தியதன் பேரில் உள்ளூர் நிர்வாகக் குழு செப்டம்பர் 8 அன்று அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றியது. இந்தக் கதையை நிறையப் பேர் சொல்வார்கள். அதே பகுதியில் இருந்த ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் பாதிரியாரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தண்ணீரால்தான் நோய் வந்தது என்பதை அவர் முதலில் நம்பவே இல்லை. அதைப் பொய்யென்று காட்டத்தான் வீடு வீடாக விசாரிக்கப் போனார். அங்கிருந்த குடும்பங்கள் அவருக்கு ஏற்கெனவே பழக்கம் என்பதால் கதவைத் திறந்து பேசினார்கள். குழாய்க்குப் பக்கத்து வீட்டில் ஒரு கைக்குழந்தைக்கு முதலில் வயிற்றுப்போக்கு கண்டதும், அதன் துணிகளை அலசிய தண்ணீரை அம்மா வீட்டு முன்னால் இருந்த கழிவுக் குழியில் ஊற்றியதும் அந்த விசாரிப்பில்தான் வெளியே வந்தன. தோண்டிப் பார்த்தபோது அந்தக் குழியின் செங்கல் கட்டு சிதைந்து, சில அடி தள்ளி அந்த அடிகுழாய்க்குத் தண்ணீர் தந்த கிணற்றுப் பக்கம் கழிவு கசிந்துகொண்டிருந்தது. ஸ்நோவின் வரைபடத்தை வைத்து மட்டும் இந்த வீட்டைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

உங்கள் பகுதியிலும் அப்படி ஒருவர் இருப்பார். தேடுவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. போகிற வீட்டிலெல்லாம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "ராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்?" பதில்களைக் குறித்துக்கொண்டே போனால் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஓய்வு பெற்ற செவிலியர், மருந்துக் கடைக்காரர், பள்ளி ஆசிரியை, பக்கத்து வீட்டுப் பாட்டி என்று யாராகவும் இருக்கலாம். சங்கத் தலைவரின் பெயர் அந்தப் பட்டியலில் வராமலே போகலாம். தலைவரைப் பார்த்துப் பேசுங்கள், அது மரியாதை. ஆனால் துறையோடு உட்கார்ந்து பேசப்போகும் மக்கள் குழுவில் இருக்க வேண்டியவர்கள் அந்தப் பட்டியலில் வந்தவர்கள்.

யாருடைய குரல் இன்னும் காதில் விழவில்லை என்றும் பாருங்கள். வாடகைக்கு இருப்பவர்கள், வேலைக்காக வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள், வேறு மொழி பேசுபவர்கள், வீட்டை விட்டு வெளியே வர முடியாத மாற்றுத்திறனாளிகள், ராத்திரி வேலைக்குப் போய்ப் பகலில் தூங்குபவர்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, விடுமுறை நாளில் ஒரு முறை என்று நேரத்தை மாற்றி மாற்றிப் போனால்தான் இவர்களைப் பார்க்க முடியும்.

குறைகளை மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள். யாரிடம் கூடிப் பேச இடம் இருக்கிறது, யார் அவசரத்துக்கு வண்டி எடுப்பார்கள், எந்த வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டால் ஒரு மணி நேரத்தில் எல்லா வீட்டுக்கும் போகும் என்பதையும் எழுதுங்கள். பின்னால் திட்டம் போடும்போது இதுதான் கைகொடுக்கும்.

3. பழைய கோபத்தைக் கேட்டுவிடுங்கள்

பல இடங்களில் மக்கள் துறையை நம்ப மாட்டார்கள். அதற்கு உறுதியான காரணமும் இருக்கும். அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை அந்நாட்டு அரசின் பொதுச் சுகாதாரத் துறையே, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் வந்திருந்த கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், பென்சிலின் வழக்கத்துக்கு வந்த பிறகும் சிகிச்சை கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் காயம் தலைமுறை தாண்டியும் ஆறவில்லை. இவ்வளவு கொடுமை எல்லா ஊரிலும் நடந்திருக்காது. ஆனாலும் நோட்டீஸ் கொடுக்காமல் கடையை இடித்தது, முகாமில் வைத்துத் திட்டியது, கணக்கெடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வராதது என்று ஏதோ ஒன்று எல்லாப் பகுதியிலும் இருக்கும்.

எனவே முதல் சில சந்திப்புகளில் எந்தத் திட்டத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கேட்கத்தான் வந்திருக்கிறோம் என்று சொல்லி, உண்மையிலேயே கேளுங்கள். குறுக்கே பேசி விளக்கம் கொடுக்கும் ஆசை அதிகாரிகளுக்கு வரும். அதை முன்கூட்டியே அவர்களிடம் பேசிச் சரிசெய்வது உங்கள் வேலை. அதிகாரி இப்படிச் சொல்லலாம்: "அன்றைக்கு நீங்கள் மனு கொடுத்தது எங்கள் பதிவில் இருக்கிறது. அதற்குப் பதில் போகவில்லை. அது எங்கள் தவறு. இந்த முறை வரும் 15-ஆம் தேதிக்குள் பதில் வரும், நானே வந்து சொல்கிறேன்." இதில் முக்கியம் தேதிதான். சொன்ன தேதியில் அவர் வந்து நின்றால் பாதி வேலை முடிந்தது.

2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது கேட்காமல் செய்ததன் விலை தெரிந்தது. இறந்தவரின் உடலிலிருந்து நோய் தொற்றும் என்பதால் கவச உடை போட்ட குழுக்கள் வந்து உடலை எடுத்துப் போயின. குடும்பத்தார் முகம்கூடப் பார்க்க முடியவில்லை. விளைவு, நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள், ரகசியமாக அடக்கம் செய்தார்கள். மதத் தலைவர்களோடும் மானுடவியல் ஆய்வாளர்களோடும் பேசி, குடும்பத்தார் பங்கெடுக்கவும் தொழுகையோ ஜெபமோ நடத்தவும் இடம் கொடுக்கும் பாதுகாப்பான அடக்க முறை ஒன்றை அந்த ஆண்டு நவம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்டது. மருத்துவ விதி அப்படியேதான் இருந்தது. துக்கத்துக்கு அதில் இடம் கொடுத்தார்கள்.

4. யார் எதை முடிவு செய்வார்கள் என்று எழுதிவிடுங்கள்

மக்கள் பங்கேற்பு என்பது அதிகாரிகள் பார்த்துக் கொடுக்கும் சலுகை இல்லை. சுகாதாரப் பணிகளைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் தனியாகவும் கூட்டாகவும் பங்கெடுப்பது மக்களின் உரிமை, கடமையும்கூட என்று 1978-இல் இன்றைய கஜகஸ்தானில் உள்ள அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் கூடி அறிவித்தன. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குள் ஆளுக்கொரு அர்த்தம் வைத்திருப்பார்கள். 1969-இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் இதை எட்டுப் படி உள்ள ஏணியாக வரைந்து காட்டினார். தகவல் சொல்வது அதில் மூன்றாவது படி, கருத்துக் கேட்பது நான்காவது. கூட்டாக முடிவெடுப்பது ஆறாவது படியில்தான் வருகிறது. பெரும்பாலான "மக்கள் சந்திப்பு"கள் நான்காவது படியிலேயே நின்றுவிடுகின்றன. மக்கள் ஆறாவது படி என்று நினைத்து வந்து உட்கார்ந்திருப்பார்கள். மனக்கசப்பு அங்கேதான் தொடங்குகிறது.

அதனால் ஒரு பக்கத் தாள் தயாரியுங்கள். அதில் மூன்று பகுதி இருக்கட்டும். துறை மட்டுமே முடிவெடுக்க வேண்டியவை: சட்டப்படியான நடவடிக்கைகள், தொற்று நோயாளியைத் தனிமைப்படுத்துவது, அசுத்தமான உணவகத்தை மூடுவது. இரண்டு தரப்பும் சேர்ந்து முடிவெடுப்பவை: முகாம் எங்கே, எப்போது, எந்தப் பிரச்சினைக்கு முதலிடம், துண்டறிக்கையில் என்ன வாசகம். மக்கள் குழுவே முடிவெடுப்பவை: தங்கள் பிரதிநிதி யார், கூட்டம் எங்கே நடக்க வேண்டும், ஒதுக்கிய சிறு தொகையை எதற்குச் செலவழிப்பது. இந்தத் தாளை ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்துக்குள் புதைத்துவிடாமல், கூட்டம் நடக்கும் இடத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

இரண்டாவது பகுதி காலப்போக்கில் பெரிதாக வேண்டும். எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குப் பிரேசில் ஓர் உதாரணம். அங்கே 1990-இல் வந்த சட்டத்தின்படி நகராட்சி முதல் தேசிய அளவு வரை சுகாதாரக் குழுக்கள் உண்டு. அவற்றில் பாதி இடம் சிகிச்சை பெறும் பொதுமக்களின் பிரதிநிதிகளுக்கு. முதல் ஆண்டிலேயே அதை எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் உங்கள் அதிகாரி "இதெல்லாம் நடக்காது" என்றால் ஒரு பெரிய நாடே சட்டம் போட்டு நடத்துகிறது என்று சொல்ல உங்களுக்கு ஆதாரம் இருக்கிறது.

5. முதல் கூட்டம்

இதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். முதல் கூட்டத்தில் மக்கள் எப்படி நடத்தப்படுகிறார்களோ, அதை வைத்துத்தான் இரண்டாவது கூட்டத்துக்கு வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

இடத்தை மக்கள் குழு தேர்ந்தெடுக்கட்டும். அலுவலகத்துக்குக் கூப்பிட்டால் பாதிப் பேர் வர மாட்டார்கள், வந்தவர்களும் மனு கொடுக்க வந்தவர்களைப் போல நிற்பார்கள். நேரம் வேலைக்குப் போய் வருபவர்களுக்குத் தோதாக இருக்க வேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரையும், தேவையென்றால் மொழிபெயர்க்க ஒருவரையும் ஏற்பாடு செய்யுங்கள். சக்கர நாற்காலி உள்ளே வருமா என்று முந்தின நாளே போய்ப் பாருங்கள்.

நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். மேடை வேண்டாம். அதிகாரிகள் எல்லோரும் ஒரே பக்கம் சேர்ந்து உட்காராமல் மக்களிடையே கலந்து உட்காரட்டும். வரவேற்புரை, பொன்னாடை, நீண்ட அறிமுகம் எதுவும் வேண்டாம். முதலில் பேசுவது பகுதியைச் சேர்ந்தவராக இருக்கட்டும். துறையின் புள்ளிவிவரம் அதற்குப் பிறகு வரலாம். எல்லோர் முன்னாலும் பேசக் கூச்சப்படுபவர்களுக்காக நடுவில் மூன்று நான்கு பேராகப் பிரிந்து பேசக் கொஞ்ச நேரம் கொடுங்கள். பெண்கள் அதிகம் பேசுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

சுவரில் பெரிய தாள் ஒன்றை ஒட்டி நான்கு பத்தி போடுங்கள்: என்ன சொன்னார்கள், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் பதில், என்ன பதில். எல்லோர் கண் முன்னாலும், சொன்னவரின் வார்த்தையிலேயே எழுதுங்கள். "தடுப்பூசி சேவை அணுகலில் இடைவெளி" என்று எழுதினால் சொன்னவருக்கே அது தன் பேச்சு என்று தெரியாது. "முகாம் காலை 9 முதல் 12 வரைதான். அந்த நேரத்தில் நாங்கள் வேலையில் இருப்போம்" என்று எழுதுங்கள். அதற்கு எதிரே பொறுப்பாளரின் பெயர், தேதி. நான்காவது பத்தி காலியாக இருக்கும். அடுத்த கூட்டத்தை அந்தக் காலிப் பத்தியிலிருந்துதான் தொடங்க வேண்டும். "மாதம் ஒரு முகாம் மாலை 4 முதல் 7 வரை. மூன்று மாதம் நடத்திப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்" என்று அதில் எழுத முடிந்தால் நல்லது. "முடியாது. மருந்தைக் குளிரில் வைக்கும் பெட்டியை மாலையில் எடுத்துவர ஆள் இல்லை" என்பதும் பதில்தான். காரணத்தோடு முடியாது என்று சொன்னால் மக்கள் புரிந்துகொள்வார்கள். சில சமயம் "பெட்டியை எடுத்துவர எங்களில் ஒருவர் வண்டி தருகிறோம்" என்று அவர்களே வழியும் சொல்வார்கள். பதிலே வராமல் விடுவதைத்தான் அவர்களால் பொறுத்துக்கொள்ள முடியாது.

அந்தத் தாளைப் படம் எடுத்து அன்றைக்கே எல்லோருக்கும் அனுப்புங்கள். தட்டச்சு செய்து, திருத்தி, ஒப்புதல் வாங்கி அனுப்பும் கூட்டக் குறிப்பு வந்து சேர்வதற்குள் நம்பிக்கை ஆறிப்போகும்.

6. முதல் வேலை சிறியதாக இருக்கட்டும்

மூன்று மாதத்துக்குள் முடியக்கூடியதாக, முடிந்தால் எல்லோர் கண்ணுக்கும் தெரியக்கூடியதாக ஒரு வேலையை எடுங்கள். எதை எடுப்பது என்பதை மக்கள் குழு சொல்ல வேண்டும். துறைக்கு முக்கியமாகப் படுவது சர்க்கரை நோயாக இருக்கலாம், மக்களுக்கோ தெரு விளக்கும் நாய்க்கடியும் பெரிதாக இருக்கலாம். மக்கள் சொன்னதிலேயே தொடங்குங்கள். சர்க்கரை நோய்க்கு அப்புறம் வரலாம், அப்போது கேட்பதற்கு ஆள் இருப்பார்கள்.

நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் நடந்த ஒரு முயற்சியை முன்மாதிரியாகப் பாருங்கள். உள்ளூர்ப் பெண் ஒருவர் மாதம் ஒரு முறை பெண்களைக் கூட்டிப் பேச வைத்தார். பிரசவத்திலும் பச்சிளம் குழந்தைகளுக்கும் என்ன பிரச்சினை வருகிறது என்று அவர்களே பட்டியல் போட்டார்கள், எது முதலில் என்று அவர்களே தீர்மானித்தார்கள், வழியையும் அவர்களே கண்டார்கள். அவசரத்துக்கு உதவப் பொதுப் பணம் சேர்த்தார்கள். நோயாளியைத் தூக்கிப் போகத் தூளி ஏற்பாடு செய்தார்கள். சுத்தமான பிரசவத்துக்கான பொருட்களைப் பொட்டலமாகத் தயாரித்து விநியோகித்தார்கள். அதே சமயம் குழு இருந்த இடங்களிலும் இல்லாத இடங்களிலும் சுகாதார நிலையங்களை மேம்படுத்தினார்கள். 2004-இல் வெளியான முடிவின்படி, பெண்கள் குழு இருந்த இடங்களில் பிறந்த ஒரு மாதத்துக்குள் இறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு 26 பேர். குழு இல்லாத இடங்களில் 37 பேர். புதிய மருந்தோ கருவியோ இந்த வித்தியாசத்துக்குக் காரணமில்லை. பட்டியல் போடுவது, தேர்ந்தெடுப்பது, திட்டமிடுவது, செய்வது, செய்ததைச் சரிபார்ப்பது என்ற அந்தச் சுழற்சியை நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இடம் பற்றியும் ஒரு வார்த்தை. மக்களை மருத்துவமனைக்கு வரவழைக்கப் பாடுபடுவதைவிட, மக்கள் ஏற்கெனவே கூடும் இடத்துக்குத் துறை போவது எளிது. லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பின ஆண்கள் வழக்கமாகப் போகும் 52 முடிதிருத்தும் கடைகளில் ஒரு ஆய்வு நடத்தினார்கள். ரத்த அழுத்தம் கூடியிருந்த 319 பேர் அதில் சேர்ந்தார்கள். சில கடைகளில் மருந்தாளுநர் கடைக்கே வந்து, மருத்துவர்களோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி மருந்து கொடுத்துக் கவனித்தார். மற்றக் கடைகளில் முடிதிருத்துநர் மருத்துவரைப் போய்ப் பாருங்கள் என்று எடுத்துச் சொன்னதோடு சரி. 2018-இல் வெளியான முடிவுப்படி, ஆறு மாதத்தில் முதல் பிரிவினருக்கு ரத்த அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி குறைந்தது, இரண்டாவது பிரிவினருக்கு 9 புள்ளி. அறிவுரையோடு நிற்காமல் சேவையும் அங்கேயே கிடைத்ததால் வந்த வித்தியாசம் இது.

7. தகவலைச் சேர்ந்து சேகரியுங்கள், சேர்ந்து காப்பாற்றுங்கள்

அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014 ஏப்ரலில் குடிநீர் எடுக்கும் இடத்தை ஆற்றுக்கு மாற்றினார்கள். நிறம், நாற்றம், தோல் தடிப்பு என்று மக்கள் பாட்டில்களில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய்க் காட்டினார்கள். தண்ணீர் பாதுகாப்பானது என்றே பதில் வந்தது. லீஆன் வால்டர்ஸ் என்ற குடும்பத் தலைவி வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்தார். ஊர் மக்களே வீடு வீடாக மாதிரி எடுத்து அனுப்பினார்கள், ஈயம் கலந்திருப்பது நிரூபணமானது. 2015 செப்டம்பரில் அந்த ஊர்க் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா, குழந்தைகளின் ரத்தத்திலும் ஈயம் கூடியிருப்பதைக் காட்டினார். அக்டோபரில் பழைய இடத்துத் தண்ணீருக்கே திரும்பினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது மாதிரி எடுக்கும் முறை. குழாயிலிருந்து ஈயம் கரைகிறதா என்று பார்க்க வேண்டுமானால், தண்ணீர் குறைந்தது ஆறு மணி நேரம் குழாய்க்குள்ளேயே அசையாமல் நின்றிருக்க வேண்டும், பிறகு திறந்ததும் வரும் முதல் ஒரு லிட்டரைப் பிடிக்க வேண்டும். ஃபிளின்டில் வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்த அறிவுறுத்தலிலோ, முந்தின இரவே குழாயைச் சில நிமிடம் திறந்துவிடும்படி சொல்லியிருந்தது. அப்படிச் செய்தால் தேங்கியிருந்த ஈயத்தில் ஒரு பகுதி அடித்துக்கொண்டு போய்விடும், அளவு குறைவாகத் தெரியும். அப்படித் திறந்துவிடச் சொல்ல வேண்டாம் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை 2016-இல் பரிந்துரைத்தது. ஆகவே பரிசோதனை முடிவை மட்டும் மக்களிடம் காட்டினால் போதாது. எந்த வீட்டில், எந்த நேரத்தில், எப்படி எடுப்பது என்பதை முதலிலேயே சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். நாலு பேருக்கு மாதிரி எடுக்கப் பயிற்சி கொடுங்கள். தான் எடுத்த மாதிரியின் முடிவை யாரும் எளிதில் தள்ளிவிட மாட்டார்கள், அது நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும்.

இன்னொரு பக்கமும் உண்டு. "எங்கள் தெருவில் யாருக்குக் காசநோய்?" என்று குழுவில் ஒருவர் கேட்பார். அக்கறையில்தான் கேட்பார். பெயரையோ முகவரியையோ எந்தக் காரணத்துக்காகவும் சொல்லக் கூடாது. எண்ணிக்கைகூட ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். முப்பது வீடு உள்ள தெருவில் ஒருவருக்கு எச்ஐவி என்று சொன்னால் ஊரே தேடத் தொடங்கிவிடும். அதனால்தான் பல சுகாதாரத் துறைகள் மிகச் சிறிய எண்ணிக்கைகளை வெளியிடாமல் பக்கத்துப் பகுதிகளோடு சேர்த்துச் சொல்கின்றன. இதைக் குழுவுக்கு முதலிலேயே விளக்கிவிடுங்கள், இல்லையென்றால் எதையோ மறைப்பதாக நினைப்பார்கள்.

8. நேரத்துக்கும் பணத்துக்கும் மதிப்புக் கொடுங்கள்

கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு அது சம்பள நேரம். பக்கத்தில் இருப்பவர் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். பயணச் செலவும், விட்ட கூலிக்கு ஈடாக ஒரு தொகையும் கொடுக்க நிதித் திட்டத்திலேயே இடம் போடுங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் கிடைக்காது. கையில் கிடைக்க மூன்று மாதம் ஆகும், வங்கிக் கணக்கு எண், ரசீது, நகல் என்று அலைய வேண்டும் என்றால் அது பெயருக்குக் கொடுத்த பணம்தான். கணக்குப் பிரிவில் இருப்பவரைத் தொடக்கத்திலேயே ஒருமுறை கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். எதற்காக இந்தச் சீட்டுகள் வருகின்றன என்று நேரில் பார்த்துவிட்டால் அவர் வழி கண்டுபிடித்துக் கொடுப்பார்.

குழுவின் கையில் நேரடியாக ஒரு சிறு தொகையைக் கொடுப்பதற்கும் பாடுபடுங்கள். கணக்கை அந்தச் சுவர்த் தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடலாம்.

9. கருத்து வேறுபாடு வரும்போது

வந்தே தீரும். அப்போது நீங்கள் மக்கள் சார்பாகப் பேசத் தொடங்கிவிடாதீர்கள், அவர்கள் பேச வழி செய்யுங்கள். துறை சார்பாகச் சமாதானம் சொல்லவும் வேண்டாம். இரண்டு பக்கமும் தனித்தனியாக என்ன சொன்னது என்று அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். பகுதிக்குள்ளேயே இரண்டு பிரிவு இருந்தால், ஒரு பிரிவை மட்டும் வைத்துக்கொண்டு "மக்கள் ஒப்புக்கொண்டார்கள்" என்று எழுதாதீர்கள். இரண்டு கருத்தையும் எழுதுங்கள்.

பத்திரிகைக்கு யார் பேசுவது என்பதையும் சண்டை வருவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மக்கள் குழுவுக்குத் துறையை வெளிப்படையாக விமர்சிக்கும் உரிமை எப்போதும் இருக்க வேண்டும். அதைத் தடுக்கும் வாசகம் எந்த ஒப்பந்தத்தில் இருந்தாலும் எடுக்கச் சொல்லுங்கள்.

10. ஆள் மாறும் முன்பே தயாராகுங்கள்

கூட்டுவேலை நின்றுபோவதற்குப் பெரிய காரணம் சண்டை இல்லை, இடமாற்றம். இரண்டு வருடம் பழகிய அதிகாரி ஒரு திங்கட்கிழமை வேறு ஊருக்குப் போய்விடுவார். புதிதாக வருபவருக்கு இந்தக் குழு என்பது கோப்பில் ஒரு வரி. உங்கள் திட்டத்துக்கான நிதியும் ஒரு நாள் முடியும், நீங்களும் போவீர்கள்.

ஆகவே முதல் வருடத்திலேயே இதையெல்லாம் செய்து வையுங்கள். துறையில் ஒருவரோடு நிற்காமல் இரண்டு நிலைகளில் இரண்டு பேரைக் கூட்டங்களுக்கு வர வையுங்கள். மக்கள் குழுவிலும் கூட்டம் நடத்தும் பொறுப்பைச் சுழற்சியாகக் கொடுங்கள். மாதக் கூட்டத்தைத் துறையின் வழக்கமான பணி நாட்காட்டியில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். சுவர்த் தாள்களின் படங்களைத் தேதி வாரியாக ஒரே இடத்தில் சேமித்து, அலுவலகத்தில் ஒரு பிரதியும் குழுவிடம் ஒரு பிரதியும் இருக்கும்படி பாருங்கள்.

புதிய அதிகாரி வந்த முதல் வாரத்திலேயே குழு அவரைப் போய்ப் பார்க்கட்டும், நீங்கள் இல்லாமல். வாழ்த்துச் சொல்லிவிட்டு, முன்பிருந்தவர் காலத்தில் என்னென்ன மாறியது என்ற பட்டியலையும், நான்காவது பத்தியில் இன்னும் பதில் எழுதப்படாமல் இருக்கும் கேள்விகளையும் அவரிடம் கொடுத்து, அடுத்த கூட்டத்தின் தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வரட்டும்.